தாய்மீனின் எடை

முப்பது பவுண்டுக்கு மேல் எடை காட்டும் ஸ்ட்ரைப்பர் என்ற மீன் ஒன்று கரையேறினால், அது ஆணா பெண்ணா என்று வயிற்றைக் கீறிப் பார்க்க வேண்டியதில்லை. பெண்தான். ஆண்மீன் அந்த எடைக்கு வளர்வது மிக அபூர்வம். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ஏறக்குறைய நானூறு வருஷமாக இந்த மீனுக்காகப் போட்ட சட்டங்களையும், வைத்த பந்தயங்களையும், கொடுத்த கோப்பைகளையும் இந்த ஒரு சங்கதியை மனசில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். கதை வேறு மாதிரி இருக்கும்.

நான் மதுரைக்காரன். பிழைப்புக்காக மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டுக்கு வந்து சேரும்வரை கடலில் கால் நனைத்ததோடு சரி. இந்த ஊரில் அப்படி இருக்க விடமாட்டார்கள். செப்டம்பர் பிறந்து வடகிழக்குக் காற்று கிளம்பிவிட்டால், வேலைக்குப் போகிறவன், ரிட்டயர் ஆனவன், காலேஜ் பையன் என்று பாதி ஊர் ராத்திரியில் காணாமல் போய்விடும். எல்லோரும் ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, பத்தடித் தூண்டிற்கோலோடு, இடுப்பளவு அலையில் நிற்பார்கள்.

மீனைப் பார்த்தால் நம் கொடுவாவின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் மட்டும் கூடுதல். கடல்மீன்தான், ஆனால் முட்டையிட ஆற்றுக்குத்தான் போகும். செசபீக் விரிகுடாவில் விழுகிற ஆறுகளும் ஹட்சன் ஆறும் அதன் பிரசவ வீடுகள். வசந்தத்தில் முட்டையிட்டு முடித்ததும் கரையோரமாகவே வடக்கே மெய்ன் வரைக்கும் வரும். தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் திரும்பும். இலையுதிர்காலத்தில் கழிமுகங்களிலிருந்து நெத்திலியும் மடவையும் மென்ஹேடன் குஞ்சுகளும் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு இறங்கும். குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய ஸ்ட்ரைப்பர் அவற்றைக் கரைமேட்டுக்கே விரட்டிக்கொண்டு வந்து தின்னும். படகில்லாத மனுஷனுக்கு இவ்வளவு பெரிய மீன் கை எட்டும் தூரத்தில் கிடைப்பது அந்தச் சில வாரங்களில்தான்.

வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கிய காலத்தில் மீன் கொட்டிக் கிடந்தது. 1614இல் இந்தக் கரையைச் சுற்றிப் பார்த்த கேப்டன் ஜான் ஸ்மித், மீன்களின் முதுகில் கால் நனையாமல் நடந்துபோகலாம் போலிருந்தது என்கிற தோரணையில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆள் கொஞ்சம் அளப்பார் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் 1639இல் மாசசூசெட்ஸ் குடியேற்ற மன்றம், காட் மீனையும் இந்த மீனையும் வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று தடைபோட்டது. போட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? 1670இல் பிளிமத் குடியேற்றம் கேப் காட் மீன்பிடி வருமானத்தை எடுத்து ஓர் இலவசப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது. பிள்ளைகளின் எழுத்துக்கும் கணக்கிற்கும் படியளந்ததில் இந்த மீனுக்குப் பங்கு உண்டு. 1776இல் நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் குளிர்காலத்தில் இதை விற்கத் தடை கொண்டுவந்தன. குளிரில் ஆற்றுக்குள் மந்தமாய் அடைந்து கிடக்கும்போது வாரிக்கொண்டு போவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

இதை விளையாட்டாக்கியவர்கள் பணக்காரர்கள். நியூ பெட்ஃபோர்டிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் கட்டிஹங்க் என்று ஒரு சின்னத் தீவு. 1864இல் நியூயார்க் கனவான்கள் சிலர் அங்கே ஒரு மீன்பிடிக் கிளப் தொடங்கினார்கள். பக்கத்துப் பாஸ்க் தீவிலும், மார்த்தாஸ் வினியார்ட் தீவின் ஸ்க்விப்நாக்கெட்டிலும் அடுத்த சில வருஷங்களில் இதே மாதிரி கிளப்புகள் முளைத்தன. கரையில் நின்று கால் நனைக்க அவர்களுக்கு இஷ்டமில்லை. பாறைகளில் துளையிட்டு இரும்புக் கால் நட்டு, அதன்மேல் பலகை அடித்து, நுரைக்கு மேலே நீளும் ஒற்றையடி மேடைகள் கட்டினார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சீட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எந்த மேடை என்று அதில் முடிவாகும். விடியும் முன் கனவான் மேடை நுனியில் போய் உட்கார, அவருக்கென்று அமர்த்திய உள்ளூர்ப் பையன் மென்ஹேடனையும் சிங்கி இறாலையும் கொத்திக் கொத்தித் தண்ணீரில் வீசுவான். தூண்டிலில் குத்துவதும் சிங்கி இறாலின் வால்தான். இன்றைக்கு ஹோட்டலில் அதன் விலையைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றும். அன்றைக்கு அது இரை. மீன் சிக்கினால் வழுக்குப் பாறையில் இறங்கிக் கொக்கியால் குத்தித் தூக்குவதும் அந்தப் பையன் வேலைதான். பெயர் மட்டும் மேடையில் இருந்தவருக்கு. ஜனாதிபதிகள் க்ளீவ்லாந்தும் டாஃப்டும்கூட இங்கே விருந்தாளிகளாக வந்திருக்கிறார்கள்.

அவர்கள் கையிலிருந்த கருவியில் நம் பக்கத்துச் சம்பந்தமும் ஒன்று உண்டு. அந்தக் காலத்துத் தூண்டிற்கோல்களில் பல கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மூங்கில். கடைக்காரர்களும் அதைக் கல்கத்தா என்றே சொல்லி விற்றார்கள். நரம்பு, அயர்லாந்து லினன் நூலை முறுக்கிச் செய்தது. அதற்குத் தீவின் பெயரே நிலைத்து, கட்டிஹங்க் நரம்பு என்று அமெரிக்கா முழுக்க விற்றது. அதில் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து ரீலிலிருந்து முழுவதையும் உருவி, நல்ல தண்ணீரில் அலசி, காயப்போட வேண்டும். ஒரு நாள் சோம்பல்பட்டால் நூல் இற்றுப்போகும். ரீலில் பிரேக் கிடையாது. ஓடுகிற நரம்பைக் கட்டைவிரலால்தான் அழுத்தி நிறுத்த வேண்டும். விரல் தீய்ந்துபோகாமல் இருக்கத் தோலிலோ கம்பளி நூலிலோ உறை மாட்டிக்கொள்வார்கள். வீசும்போது விரல் கொஞ்சம் அசந்தால் ரீல் முந்திச் சுற்றி நூல் சிக்கலாகிவிடும். இருட்டில் அதைப் பிரிப்பதற்குள் மீன் ரோட் ஐலண்ட் தாண்டிவிடும்.

கிளப்பில் பெரிய மீனைப் பிடித்தவனுக்குத்தான் மரியாதை. நூற்றாண்டு முடியும் தறுவாயில் மீன் வரவு குறைந்தது, பிறகு ஏறக்குறைய நின்றே போனது. கனவான்கள் கடையைக் கட்டினார்கள். 1920களில் கட்டிஹங்க் கிளப்பைக் கம்பளி ஆலை முதலாளி வில்லியம் வுட் வாங்கினார். கட்டடம் இன்றும் நிற்கிறது; தங்கும் விடுதியாக நடக்கிறது. அந்தப் பஞ்ச காலத்தில்தான், 1913இல், சார்லஸ் சர்ச் என்பவர் பக்கத்து நஷவீனா தீவுக்கருகே 73 பவுண்டு, அதாவது 33 கிலோ, மீன் ஒன்றைப் பிடித்தார். எல்லாம் போன பிறகு மிஞ்சிய கிழவி அது. அந்தச் சாதனை 1981 வரை அசையவில்லை.

மீன் திரும்பி வந்தது ஒரே ஒரு வசந்தத்தின் தயவில். 1934இல் செசபீக்கில் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. இரண்டே வருஷத்தில் அவை நியூ இங்கிலாந்துக் கரையில் நிரம்பின. அவற்றைப் பிடித்து அளந்து ஆராய்ந்த டேனியல் மெரிமன் 1941இல் வெளியிட்ட ஆய்வில், வடக்கே வரும் மீன்களில் பத்தில் ஒன்பது வரை பெண் என்று கண்டிருந்தார். ஆண்கள் பெரும்பாலும் செசபீக் பக்கமே தங்கிவிடுகின்றன. ஆக, கட்டிஹங்க் மேடைகளில் பிடிபட்டதும், இன்று என் தூண்டிலில் ஏறுவதும் பெரும்பாலும் பிள்ளை பெற்றவை, அல்லது பெறப்போகிறவை. மெரிமன் சொன்னதைக் கரையில் நின்றவர்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

போட்டுக்கொள்ள நேரமும் இல்லை. யுத்தம் முடிந்து வந்த இளைஞர்கள் கையில் நைலான் நரம்பு, ஃபைபர்கிளாஸ் கோல், சுழலாத ரீல் எல்லாம் மலிவாகக் கிடைத்தன. பழைய ஃபோர்டு காரின் டயரில் காற்றைக் குறைத்து கேப் காட் மணலில் ஓட்டினார்கள். 1949இல் அவர்களுக்கென்று ஒரு கடற்கரை வண்டிச் சங்கமே உருவானது. குடும்பம் குடும்பமாக மணல்மேட்டில் தங்கி, ராத்திரி பிடித்ததைக் காலையில் வியாபாரியிடம் எடை போட்டு, வந்த காசில் பெட்ரோல் அடித்தவர்கள் உண்டு. விளையாட்டு எது, தொழில் எது என்று அன்றைக்கு யாரும் கோடு கிழிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தின் அடுத்த தலைமுறையில் ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அஸோர்ஸ் தீவு வம்சம், எண்பதைத் தாண்டியவர். கொல்லையில் ஒரு சிகரெட் டப்பா நிறையப் பழைய தகர மீன்கள் வைத்திருக்கிறார். தகரம் என்றால் தகடு அல்ல, சுத்தமான வெள்ளீயம். உருக்கி அச்சில் ஊற்றி எடுத்தது. விரல் நீளம், அடியில் மெல்லிய முதுகெலும்பு போல ஒரு விளிம்பு, வாலில் ஒற்றைக் கொக்கி. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மங்கிப்போய் ஈயச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கரைக்குப் போனதும் குனிந்து ஒரு பிடி ஈரமணல் எடுத்து, பாட்டிமார் பித்தளை தேய்க்கிற வேகத்தில் தேய்த்தார். நாலு தேய்ப்பில் மீன் செதில் போலப் பளபளத்தது. குரோம் பூச்சு கண்ணைக் கூச வைக்கும், இது மென்மையாக மின்னும், மீனுக்கு அந்த வித்தியாசம் தெரியும் என்றார். கையால் விளிம்பைக் கொஞ்சம் வளைத்து, “இப்ப நீந்தும் பாருங்க” என்றார். நீந்தியது. மீன் வரவில்லை, அது வேறு விஷயம்.

“உங்க காலத்தில் பெரிசைத் திருப்பி விடுவீங்களா?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “பெரிசுக்குத்தானே காசு?”

மார்த்தாஸ் வினியார்டில் 1946 முதல் இலையுதிர்காலந்தோறும் நடக்கும் பந்தயத்திலும் எடைதான் தெய்வம். சட்டமும் அதற்கு ஒத்துப்பாடியது. இத்தனை அங்குலத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடு, மேலே எவ்வளவு இருந்தாலும் உன்னுடையது என்றுதான் ஏறக்குறைய எல்லா விதிகளும் சொல்லின. குட்டியைக் காப்பாற்று, தாயைக் கொல்! 12 பவுண்டு மீன் ஒரு முறையில் ஏறக்குறைய எட்டரை லட்சம் முட்டையிடும் என்றால் 55 பவுண்டு மீன் 42 லட்சம் இடும். இதில் கணக்குப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஒருவர் பார்த்தார். ஆட்டில்பரோவைச் சேர்ந்த பாப் பாண்ட், மரத்தில் ஆட்டம் என்ற பொய்மீன் கடைந்து விற்றுப் பெயர் எடுத்தவர். மீன் பிடிபட்டால்தான் அவருக்கு வியாபாரம். அவரே 1965இல் ஸ்ட்ரைப்பர்ஸ் அன்லிமிடெட் என்ற அமைப்பைத் தொடங்கி, ஆற்றில் முட்டைகள் சரியாகப் பொரிவதில்லை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். 1970இல் செசபீக்கில் மறுபடி ஒரு பெரிய ஈடு குஞ்சுகள் பொரிக்க, அவரைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. 1973இல் அட்லாண்டிக் கரை முழுக்க வணிகப் பிடிப்பு ஒன்றரைக் கோடி பவுண்டை நெருங்கியது. பத்தே வருஷத்தில், 1983இல், அது முப்பத்தைந்து லட்சமாகச் சரிந்தது.

அந்தச் சரிவின் அடியில்தான் கரைத்தூண்டிலின் மிகப் பெரிய இரவு வருகிறது. 1982 செப்டம்பர் 21, அட்லாண்டிக் சிட்டி. புயற்காற்றில் அலை கல்லணை மேல் ஏறி அடித்துக்கொண்டிருக்கிறது. ஆல் மெக்ரெனால்ட்ஸ் அந்தக் கல்லணையில் நின்று 78 பவுண்டு 8 அவுன்ஸ், முப்பத்தைந்தரைக் கிலோ மீனைக் கரையேற்றினார். உலக சாதனை, அதுவும் படகில்லாமல். தூண்டில் கம்பெனி அறிவித்திருந்த பரிசு இரண்டரை லட்சம் டாலர். அதே வருஷ வசந்தத்தில் செசபீக்கில் பொரித்திருந்த சுமாரான ஒரு கூட்டம் குஞ்சுகள்தான் இனி இந்த இனத்துக்கு இருந்த முதல். ஒரு கிழத்தாய் தராசில் தொங்கிய வருஷமும், வம்சத்தைக் காப்பாற்றிய வருஷமும் ஒன்று.

1984இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. 1985 ஜனவரி முதல் நாளிலிருந்து மேரிலாந்தில் முழுத் தடை. மற்ற மாநிலங்களில் 1982 குஞ்சுகள் வளர வளர அளவு வரம்பையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். ஒரு தடவையாவது முட்டையிட்ட பிறகுதான் அவை கைக்கு எட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வினியார்ட் பந்தயம் 1985 முதல் 1992 வரை ஸ்ட்ரைப்பர் இல்லாமலே நடந்தது. 1990இல் தடை தளர்ந்தது. 1995இல் இனம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள்.

அடி வாங்கியவர்கள் வேறு யாரோ. லாங் ஐலண்டின் கிழக்குமுனையில் தலைமுறை தலைமுறையாகச் சிறுபடகை அலைக்குள் தள்ளிக் கரைவலை இழுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி பீட்டர் மத்தீசன் 1986இல் ஒரு புத்தகமே எழுதினார். ஹட்சனில் ஆலைகள் கொட்டிய பிசிபி நச்சு மீனில் ஏறிவிட்டதென்று அதே வருஷம் நியூயார்க்கில் இந்த மீனை விற்கத் தடை வந்தது. விற்பனை திரும்பியபோது கரைவலைக்கு அனுமதி திரும்பவில்லை. 1992இல் பாடகர் பில்லி ஜோயல் அவர்களோடு சேர்ந்து அமகன்செட் கடற்கரையில் வலை இழுத்துக் கைதானார். பயனில்லை. வலைக்கு எதிராக வருஷக்கணக்கில் குரல் கொடுத்தவர்களில் கரைத்தூண்டில்காரர்களும் உண்டு. இந்தப் பகுதியை எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

2019இல் மறுபடி அபாய மணி: அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்கள், தாய்மீன் குறைந்துவிட்டது. இந்தத் தடவைதான் பெரிய மீனுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2020இல் கடற்கரைப் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு 28 முதல் 35 அங்குலம் வரைதான் என்று மேல்வரம்பும் போட்டார்கள். 2023இல் அது 31 அங்குலமாக இறங்கியது. சர்ச் பிடித்ததையும் மெக்ரெனால்ட்ஸ் பிடித்ததையும் இன்றைக்கு நான் பிடித்தால் தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றி விட வேண்டும்.

என் அண்டைவீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். காரணம் உண்டு. மாசசூசெட்ஸில் வணிக உரிமம் வாங்கியவர் இதே கோல், இதே ரீலோடு இந்த மீனைப் பிடித்து விற்கலாம். அவருக்கு அளவு 35 அங்குலமும் அதற்கு மேலும். நான் விட வேண்டிய மீனைத்தான் அவர் எடுக்க வேண்டும். அதிகாரிகள் சொல்லும் நியாயம் இது: வணிகத்துக்கு மொத்த எடையில்தான் ஒதுக்கீடு, பெரிய மீனாக எடுத்தால் எண்ணிக்கை குறையும். கணக்கு சரிதான், எனக்குத்தான் ஒப்பவில்லை. “லைசென்ஸ் வாங்கிப் போடு, பெரிசு உனக்கும் கிடைக்கும்” என்கிறார் கிழவர். நான் வாங்கவில்லை. அவர் ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்துக்கொள்கிறார்.