மன்னார்க் கரையில் கொள்ளைநோயும் வதந்தியும்: ஒரு வரலாற்று நோக்கு

கொள்ளைநோய் பரவுங் காலத்தில் நோயுடன் கூடவே செய்தியும் பரவுகின்றது. அச்செய்தியில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. பொய்யெனத் தோன்றும் பகுதியை வதந்தி எனப் பெயரிட்டு, அதனைக் கல்லாதாரின் அறியாமையால் விளைந்ததெனக் கருதி ஒதுக்குவது ஆட்சியாளர்க்கும் கற்றோர்க்கும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதற்கு மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையோரமும் ஏற்ற களமாக அமைகின்றன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே உடையது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வாயிலாக விளங்கிய இக்கரை, நோய்க்காலந்தோறும் முதலில் ஐயுறப்பட்ட கரையாகவும் இருந்துள்ளது. கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் இங்கு எழுந்த அச்சங்களை ஒருங்கே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். மக்களின் அச்சம் பெரும்பாலும் காரணமுடையது. அவ்வச்சம் சுட்டிக்காட்டிய பொருளே பிழையானது. அப்பிழைக்கு மக்கள் மட்டுமன்றி அரசும் பொறுப்பாகும்.

வடபாதையும் வாந்திபேதியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டிற் கோப்பிச் செய்கை விரிவடைந்தபோது, தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் பல்லாயிரவராக இக்கரையில் வந்திறங்கினர். தலைமன்னார் முதலிய துறைகளில் இறங்கியோர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையிற் சுமார் 150 மைல் தூரத்தைக் கால்நடையாகக் கடந்தனர். வறண்ட காட்டினூடாகச் சென்ற அப்பாதையில் நல்ல குடிநீரும் தங்குமிடமும் அரியனவாயிருந்தன. வாந்திபேதியும் காய்ச்சலும் அம்மை நோயும் அவர்களைப் பின்தொடர்ந்தன. 1841 முதல் வந்தோருள் 70,000 பேர், அதாவது நால்வருக்கு ஒருவர், மாண்டனர் என 1849ஆம் ஆண்டில் கொழும்பு ஒப்சேவர் இதழ் மதிப்பிட்டது. இத்தொகை மிகையென்பர் பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர். எனினும், சாவு பெருந்தொகையினது என்பதில் ஐயமில்லை.

பாதையோர ஊர்களில் வாழ்ந்தோர் நடந்துசெல்லும் இக்கூட்டங்களைக் கண்டு அஞ்சினர். அவ்வச்சம் வெறும் பொய்யன்று. கூட்டங்கள் சென்ற வழியில் நோயும் சென்றது. ஆயினும், அந்நோய் தொழிலாளரின் உடலிலோ குலத்திலோ உறைவதன்று. அது நீர்வழிப் பரவுவது. 1854இல் இலண்டன் மாநகரில் யோன் சினோ என்னும் மருத்துவர் ஒரு தெருக்குழாயின் நீரே வாந்திபேதியைப் பரப்பியதெனக் காட்டினார். 1884ஆம் ஆண்டளவில் அதன் கிருமியை றொபேட் கொக் இனங்கண்டார். எனவே, வடபாதையில் தீர்வு வேண்டிநின்றவை கிணறுகளும் மடங்களும் மருத்துவ நிலையங்களுமேயாம். இவை பிந்தியும் குறைவாகவுமே வந்து சேர்ந்தன. அவை வாராத காலமெல்லாம் நோய்க்குக் காரணம் நடப்பவனே என்ற எண்ணம் வேரூன்றியது.

அரசின் நோக்கும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. 1896இல் பம்பாயிற் பிளேக்கு நோய் தோன்றியதும் இலங்கை அரசு விழிப்படைந்தது. அந்நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் மன்னார் வழியான குடிவரவு தடைசெய்யப்பட்டு, தொழிலாளர் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குத் திருப்பப்பட்டனர். பின்னர், 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரத இணைப்போடு கூடிய கப்பற் சேவை தொடங்கியது; இவ்வழி அமைந்த காலத்தில் தொழிலாளர் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் முகாமிற் சில நாள் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். முதல் வகுப்பிற் சென்றோர்க்கும் தோட்டத்துக்குச் சென்றோர்க்கும் விதி ஒன்றாயிருக்கவில்லை. ஆயின், அதே 1914ஆம் ஆண்டில் பிளேக்கு நோய் இலங்கையில் வெளிப்பட்ட இடம் மன்னார் அன்று, கொழும்பு நகரமே. எலியும் தெள்ளும் பரப்பும் நோய்க்கு, கால்நடையாக வரும் ஏழையைக் காவல் காத்தது போதிய தடையாகவில்லை. வாயில் ஒன்றை அடைத்தவர்கள் வேறொரு வாயிலை மறந்திருந்தனர் எனலாம்.

தடுப்பு நடவடிக்கை வன்மையாகும்போது வதந்தியும் வன்மையுறும் என்பதற்குப் பம்பாய் மாகாணமே சான்று. மருத்துவமனையிற் சேர்க்கப்படுவோர் கொல்லப்படுகின்றனர், அவர்தம் உடலிலிருந்து தைலம் எடுக்கப்படுகின்றது என்றெல்லாம் அங்கு மக்கள் பேசிக்கொண்டனர். படைவீரர் வீடு புகுந்து சோதனையிட்ட பூனா நகரில், 1897இற் பிளேக்கு ஆணையாளர் ராண்டு சுடப்பட்டார். தைலக் கதை பொய். ஆனால், தம் வீட்டாரைப் பிடித்துச்செல்வோர் தம்மை மனிதராக மதிக்கவில்லை என்ற உணர்வு பொய்யன்று.

கடல்கட்டி

அச்சத்தை இகழாது அதனோடு இணங்கி நடந்த ஆட்சிக்கும் இதே கரையில் எடுத்துக்காட்டு உண்டு. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களையொட்டி நடந்த முத்துக்குளிப்புக் காலங்களில், ஆளற்ற மணற்பரப்பிற் சில கிழமைகளுக்குள் பெருநகரொன்று தோன்றி மறைவது வழக்கம். அங்கு வந்த குளியாளர், சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டும் ‘கடல்கட்டி’ வந்தாலன்றி நீரில் இறங்கார். அரசு இதனை மூடநம்பிக்கையென்றே கருதியது. எனினும், கடல்கட்டிக்குரிய ஊதியத்தை வழங்கி அவரை வரவழைத்தது. 1859இல் வெளியான தமது நூலில் எமர்சன் தெனந்து இவ்வழக்கத்தை விரிவாகக் கூறியுள்ளார். அக்காலத்திற் குடும்பத் தலைவராயிருந்த கடல்கட்டி கத்தோலிக்கராக இருந்தமையும், அவர் நோயுற்றபோது மந்திரமறியாத பதிலாள் ஒருவர் அனுப்பப்பட்டமையும் அவர் தரும் செய்திகளாம்.

இங்கு நோக்கற்பாலது மந்திரத்தின் மெய்ம்மையன்று. உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்வோன், தான் நம்பும் ஒருவர் அருகில் நிற்பதையே வேண்டினான். முத்து வருவாயை வேண்டிய அரசுக்கு அந்நம்பிக்கையின் விலை தெரிந்திருந்தது. வருவாய் இல்லாத இடங்களில், அதாவது வடபாதையில், அதே அரசுக்கு அந்த விலை தெரியாதுபோயிற்று.

2020: ஊரடங்கு

கொரோனாப் பெருந்தொற்றையொட்டி 2020 மார்ச் 20ஆந் திகதி மாலை 6 மணி தொடக்கம் இலங்கை முழுவதிலும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கத்தோலிக்கர் மிக்க மன்னார் மாவட்டத்தில் அவ்வாண்டின் பெரிய வியாழனும் உயிர்த்த ஞாயிறும் மக்கள் கூடாத ஆலயங்களிலேயே கழிந்தன. தொடர்ந்து வந்த நோன்பு மாதத்திற் பள்ளிவாசல்களும் அவ்வாறேயிருந்தன.

ஊரடங்கின் தொடக்க வாரங்களிலேயே தீவிலுள்ள தாராபுரம் கிராமம் தனிமைப்படுத்தப்பட்டது. தொற்றுக்குள்ளான ஒருவர் புத்தளத்திலிருந்து அங்கு வந்து சென்றமையே காரணமாகக் கூறப்பட்டது. உடனே ஊரின் பெயரும் மதத்தின் பெயரும் நோயின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் நிலை எழுந்தது. ஆனால், தாராபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள போக்குவரத்தின் வரலாற்றை அறிந்தோர் அதனைக் குற்றமெனக் கொள்ளார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவினரும் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் மீண்டனர். ஒரு பகுதியினர் அங்கேயே தங்கினர். ஒரே குடும்பம் இரு மாவட்டங்களில் வாழ நேர்ந்த இடத்திற் சாவுக்கும் திருமணத்துக்கும் உறவினர் வந்துபோவது இயல்பே. வடபாதையில் நடந்தவனைப் போலவே இங்கும், வழியை உண்டாக்கிய வரலாறு மறக்கப்பட்டு, வழியில் வந்தவனே சுட்டப்பட்டான்.

அதே மாதங்களில் இந்தியக் கரை பற்றிய பழைய அச்சமும் மீண்டது. மஞ்சள் இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த வேளையில், அது நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவவே அதன் விலை பன்மடங்கு உயர்ந்தது. இராமேசுவரக் கரையிலிருந்து படகுகளில் மஞ்சள் கடத்தப்பட்டது. மன்னார்க் கடலில் அதனைக் கடற்படையினர் பலமுறை கைப்பற்றினர். கடல்வழி வருவோரால் நோயும் வரலாம் என்ற அச்சம் காரணமற்றதன்று. ஆயினும், அந்த அச்சத்தின் ஊற்றும் படகின் சரக்கும் ஒன்றே: நோயைத் தடுக்கும் பொருளை மக்கள் தேடினர், அதன் விலையே படகுகளைக் கடலில் இறக்கியது.

மீனில் நோய்

2020 ஒக்டோபரில் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் தொற்றுப் பரவியமை கண்டறியப்பட்டு, சந்தை மூடப்பட்டது. மீன் மூலம் நோய் தொற்றும் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. மக்கள் மீன் வாங்க அஞ்சினர். பேசாலை, வங்காலை, சிலாவத்துறை போன்ற கரைகளில் வாழ்வோர்க்கு இது நோயினுங் கொடியதாயிற்று. நெருங்கி நின்று விலை பேசும் மனிதரிடையே பரவிய நோயை, மக்கள் பேச்சு மீனின்மேல் ஏற்றியது. இங்கும் அச்சம் மெய். சுட்டிய பொருள் பிழை.

நவம்பர் 17ஆந் திகதி, முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். உலகச் செய்தித்தாள்கள் இதனை வேடிக்கையாக வெளியிட்டன. ஆனால், கடல்கட்டியை அறிந்தோர்க்கு அது வெறும் வேடிக்கையன்று. அறிக்கைகளை நம்பாத மக்கள் முன், ஒருவர் தம் உடலையே சான்றாக நிறுத்த வேண்டியிருந்தது. அறிக்கைகள் நம்பிக்கை இழந்தமையே அச்செயலின் பொருள்.

நிலத்தடி நீரும் இரணைதீவும்

நம்பிக்கை இழப்புக்கு வலிய காரணம் அரசின் செயலே. இறந்தோரைப் புதைக்கலாம் அல்லது எரிக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும், 2020 ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரசு கலக்கும் என்பதே கூறப்பட்ட நியாயம். அதற்குச் சான்று காட்டப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரிற் பிறந்து இருபதே நாளான முஸ்லிம் சிசுவொன்றின் உடலும் எரிக்கப்பட்டது. வாயிற்சொல்லாய்ப் பரவுவது வதந்தி எனின், வர்த்தமானியில் ஏறிய இச்செய்திக்கு வேறு பெயர் எது? மீன் பற்றிய வதந்தி சில கிழமைகளில் தேய்ந்தது. நீர் பற்றிய இக்கூற்றோ ஏறத்தாழ ஓராண்டு சட்டமாக நின்றது.

2021 பெப்ரவரி 25ஆந் திகதி புதைப்பதற்கு அனுமதி வழங்கப்பட்டது. மார்ச் 2ஆந் திகதி, அதற்கென இரணைதீவு தெரிவுசெய்யப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மன்னாருக்கு வடக்கே, கிளிநொச்சி மாவட்டப் பூநகரிப் பிரிவைச் சேர்ந்தது இத்தீவு. அங்கு வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் 1992இல் இடம்பெயர்ந்து, தீவு கடற்படையின் பிடியிலிருந்தமையால் மீள முடியாது நெடுநாட் போராடி, 2018 ஏப்ரலிற் படகுகளில் தாமே சென்று கரையேறியவை. மீண்டு மூன்றாண்டு நிறையுமுன் தம் தீவு நாடு முழுவதற்குமான இடுகாடாகப் போகின்றது என்ற செய்தியைக் கேட்ட அவர்கள் மறுநாளே எதிர்ப்பில் இறங்கினர். முஸ்லிம் தலைவர்களும் அத்தெரிவை ஏற்கவில்லை.

நிலத்தடி நீர் மாசுறும் என்று ஓராண்டு கூறிய அரசே, கிணற்று நீரை நம்பி வாழும் சிறு தீவொன்றைத் தெரிந்தெடுத்தபோது அத்தீவினர் எதனை நம்புவர்? தாம் கூறியது மெய்யாயின் இத்தெரிவு கொடுமை; பொய்யாயின் முந்திய ஓராண்டு கொடுமை. இரணைதீவு மக்கள் அஞ்சியது பிணத்துக்கு மட்டுமன்று. நிலம் மீண்டும் கைநழுவும் என்பதற்கே பெரிதும் அஞ்சினர். அத்திட்டம் கைவிடப்பட்டது. மார்ச் 5ஆந் திகதி தொடக்கம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. ஓராண்டிற் பல மதத்தினராக 3,600இற்கு மேற்பட்டோர் அங்கு அடக்கப்பட்டனர். முறையாகச் செய்யப்படும் அடக்கத்தால் நீர்நிலைகள் மாசுறுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியதையொட்டி, கட்டாய எரிப்புக்காக 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

முடிவுரை

வடபாதையில் நடந்தவன், தாராபுரத்துக்கு வந்த உறவினன், சந்தையிற் கிடந்த மீன், மண்ணுக்குள் வைக்கப்படவிருந்த பிணம் ஆகியன வெவ்வேறு காலங்களில் அச்சத்தின் இலக்குகளாயின. இவற்றுள் எதுவும் அச்சத்தின் உண்மைக் காரணமன்று. கிணறில்லாப் பாதை, சிதறடிக்கப்பட்ட குடும்பம், நெருக்கமான சந்தை, சான்றில்லாச் சட்டம் என்பனவே காரணங்கள். இலக்கு கண்ணுக்குத் தெரிவது. காரணம் கேள்வி கேட்டாலன்றித் தெரியாதது. காலத்தோடும் சான்றோடும் விடை கூறுவார் இல்லாதவிடத்துக் கேள்வியே வதந்தியாக உருமாறுகின்றது.

ஆகவே, வதந்தியை ஒடுக்கச் சட்டமியற்றுவது முதற் கடமையன்று. அதனுள் மறைந்து கிடக்கும் கேள்வியைக் கேட்டறிதலே முதற் கடமை. குளியாளன் நீரில் இறங்கு முன் கரையில் தேடியது மந்திரத்தையன்று, தன் உயிரையும் ஒரு பொருட்டாக எண்ணி நிற்கும் ஒருவரையே. அடுத்த கொள்ளைநோய் எந்த வாயிலால் வருமென எவராலும் கூறவியலாது. அது வரும் நாளில் மன்னார்க் கரையார்க்கு அத்தகைய ஒருவர் அருகில் நிற்பாரா என்பதே இவ்வரலாறு விட்டுச்செல்லும் வினாவாகும்.