பொதுநலன் என்னும் சொல்: முகாம் மாணவரின் அயல்நாட்டு மேற்படிப்பும் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும்

ஈழ ஏதிலியர் பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு ஏறத்தாழ வாய்பாடாகிவிட்டது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே அதன் 28-ஆம் உறுப்பு வகைசெய்யும் பயண ஆவணம் இங்கு இல்லை. ஆகவே தமிழ்நாட்டின் ஏதிலியர் முகாமில் பிறந்து பட்டம் பெற்றவர் மேற்படிப்புக்காகக் கடல் கடக்க வழியில்லை. முதல் இரண்டு கூற்றுகளும் சரி. மூன்றாவது அவற்றிலிருந்து பிறக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். வழி 1967-இலேயே நம் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. அதைப் படித்த விதத்தில்தான் பிழை.

பாலஸ்தீனரின் நிலை இங்கு ஒப்புநோக்கத் தக்கது. லெபனானும் ஜோர்டானும் 1951 உடன்படிக்கையில் சேராத நாடுகள். ஆயினும் லெபனான் தன்னிடம் பதிவுபெற்ற பாலஸ்தீன அகதிகளுக்குப் பயண ஆவணம் வழங்குகிறது. ஜோர்டான் காஸாவிலிருந்து வந்தோருக்குக் குடியுரிமை தராமலே தற்காலிகக் கடவுச்சீட்டு வழங்குகிறது. கையெழுத்திடாமை தடையாக இருந்திருந்தால் இவ்விரண்டும் நடந்திருக்காது. 2025-இல் பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இடமும் உதவித்தொகையும் கிடைத்த காஸா மாணவர்கள், விசாவுக்காக விரல்ரேகை பதியும் நிலையம் மூடிக் கிடந்ததால் மாதக்கணக்கில் காத்திருந்தனர். மதிப்பெண்ணும் பணமும் ஆயத்தம், தாள்தான் குறை.

பரமத்தி வேலூர் முகாமின் பிள்ளைக்கும் குறை அதுவே. நாமக்கல், திருச்செங்கோடு கல்லூரிகள் அவருக்குப் பேருந்து தூரம்தான். 27.8.2021 அன்று சட்டப்பேரவையில் வந்த அறிவிப்பு, கலை அறிவியல் மாணவரின் ஆண்டு உதவித்தொகையை 3,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக்கியது. முதுநிலை மாணவரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது. உள்நாட்டில் முதுநிலை வரை கைதூக்கிவிட ஆள் உண்டு. அதற்கு மேல் அயல்நாட்டு விண்ணப்பத்தில் கடவுச்சீட்டு எண் கேட்கும் கட்டத்தில் எழுத அவரிடம் ஒன்றுமில்லை. 1.7.1987-க்குப் பின் பிறந்ததால் மண்ணில் பிறந்தது மட்டுமே குடியுரிமைக்குப் போதாது.

இனி மூலத்துக்கு வருவோம். 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், 4-ஆம் பிரிவில் கடவுச்சீட்டையும் பயண ஆவணத்தையும் தனித்தனியே வைக்கிறது. பயண ஆவண வகைகளுள் அடையாளச் சான்றும் ஒன்று. 6(2)-ஆம் பிரிவு மறுப்புக்கான காரணங்களை அடுக்குகிறது. அவற்றுள் முதலாவது, விண்ணப்பதாரர் இந்தியக் குடிமகன் அல்லர் என்பது. 20-ஆம் பிரிவோ, முன்சொன்னவை எவையாயினும், பொதுநலன் கருதித் தேவை என ஒன்றிய அரசு கருதினால் குடிமகன் அல்லாதவருக்கும் கடவுச்சீட்டோ பயண ஆவணமோ வழங்கலாம் என்கிறது.

முந்தைய வாசிப்பு இந்தப் பொதுநலனை அரசின் நலன், அதாவது பாதுகாப்பும் அயலுறவும், என்று சுருக்குகிறது. அப்படிப் பார்த்தால் முகாம் மாணவர் வெறும் தனிநபர் விண்ணப்பதாரர்; அரசுக்கு அவரால் ஆவதென்ன? ஆனால் சட்டத்தின் சொல்லாட்சி இதற்கு இடம் தரவில்லை. 6(2)-இலேயே இறையாண்மைக்குக் கேடு தனியே வருகிறது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு தனியே வருகிறது. அயல்நாட்டு நட்புறவுக்குக் கேடும் தனியே வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் பின் கடைசியாகப் பொதுநலன் என்னும் காரணம் தனியே நிற்கிறது. முன்னவை மூன்றும் பொதுநலனின் மறுபெயர்கள் என்றால் அக்கடைசிக் காரணம் வெற்றுச் சொல்லாகிவிடும். சட்டத்தில் ஒரு சொல்லை வீணாக்கிப் படிப்பது நல்ல வாசிப்பு அன்று. ஆகவே பொதுநலனுக்கு அம்மூன்றுக்கும் அப்பாற்பட்ட பொருள் இருந்தாக வேண்டும். ஒரே சட்டத்தில் மறுக்கும் இடத்தில் அகலமாகவும் கொடுக்கும் இடத்தில் ஒடுக்கமாகவும் அச்சொல்லைப் படிப்பதற்கு நான் நியாயம் காணவில்லை. நாற்பதாண்டாக இம்மண்ணில் வளரும் ஒரு சமூகத்தின் பிள்ளை ஆய்வுப் பட்டம் பெறுவது அந்த அகன்ற பொருளில் அடங்கும். நீதிமன்றம் இவ்வாசிப்பை ஏற்றே தீரும் என்று சொல்ல மாட்டேன். சட்டவாசகத்தோடு கூடுதலாகப் பொருந்துவது இதுவே என்பேன்.

நடைமுறையும் துணைக்கு நிற்கிறது. திபெத்தியர்கள் மஞ்சள் அட்டை அடையாளச் சான்றோடு, திரும்பிவர ஆட்சேபணையில்லை என்ற ஒப்புதலும் பெற்று, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்வருகின்றனர். குஜராத்தில் வாடகைத்தாய்க்குப் பிறந்து எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதிருந்த குழந்தை ஒன்று 2008-இல் இந்தியா வழங்கிய அடையாளச் சான்றில்தான் ஜப்பானியத் தந்தையிடம் சேர்ந்தது.

மறுப்புகள் சில. இலங்கைக் கடவுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாமே என்பர். அதில் போனவர் முகாமிலுள்ள தாய்தகப்பனைப் பார்க்கவும் விசா கேட்டு நிற்க வேண்டும். இது வழி ஆகாது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்பர். 9.1.2015 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இன்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்களித்தது ஒன்றிய அரசேதான். முகாமில் ஆண்டாண்டாய் வருகைத் தணிக்கையில் பெயர் பதிந்தவரைவிட அரசுக்கு நன்கு தெரிந்தவர் யார்? பிரிவில் உள்ளது ‘வழங்கலாம்’ என்பதுதானே என்னும் மறுப்பு கனமானது. உண்மை, அது உரிமை தரவில்லை. ஆனால் விருப்புரிமை உள்ள இடத்தில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கடமையும் உண்டு.

ஆகவே கேட்க வேண்டியது புதுச் சட்டமோ உடன்படிக்கையோ அன்று. அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற முகாம் மாணவரின் பெயரை, 20-ஆம் பிரிவைச் சுட்டி, திரும்பிவரும் ஒப்புதலோடு அடையாளச் சான்று கோரி, தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதற்கு ஒரு கடிதம் போதும்.