மகாவலியைக் காக்க சுத்திகரிப்பு நிலையம் மட்டும் போதாது

மத்திய மலைநாட்டில் ஊற்றெடுத்து, 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் கடலுடன் சங்கமமாகும் மகாவலி கங்கையே எமது நாட்டின் மிக நீளமான நதியாகும். கண்டி நகரைச் சுற்றிச் செல்லும் இந்நதியிலிருந்து கட்டுகஸ்தோட்டையில் குடிநீர் பெறப்படுகின்றது. அதற்கும் கீழே, பொல்கொல்லை அணையிலிருந்து அதன் நீரின் ஒரு பகுதி வடமத்திய மாகாண வயல்களை நோக்கித் திருப்பி விடப்படுகின்றது. எனவே, கண்டியில் நதியில் சேரும் அழுக்கு கண்டியுடன் நின்றுவிடும் விடயமல்ல.

கண்டி வாவியிலிருந்து வழியும் நீரைக் கொண்டு நகரின் நடுவே ஓடும் மெத எல எனும் கால்வாய், கெட்டம்பே பகுதியில் மகாவலியை அடைகின்றது. வீடுகள், கடைகள், உணவகங்கள் ஆகியவற்றின் கழிவுநீரை நீண்டகாலமாகச் சுமந்து வந்த கால்வாய் இது. செங்குத்தான சரிவுகளில் நெருக்கமாக வீடுகள் அமைந்த நகரில், ஒவ்வொரு வீட்டுக்கும் முறையான மலக்குழி அமைப்பதற்கு நிலம் இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாகும்.

இந்நிலையை மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டு ஜப்பானின் கடனுதவியுடன் கண்டி நகரக் கழிவுநீர் முகாமைத்துவத் திட்டத்துக்கான உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. அதன் கீழ் நகரில் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டு, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதொரு முயற்சி என்பதில் ஐயமில்லை.

கழிவுநீரிலுள்ள சேதனப் பொருட்களை பற்றீரியாக்கள் சிதைக்கும்போது நீரிலுள்ள ஒட்சிசன் செலவாகின்றது. இது நதியில் நிகழ்ந்தால் மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. அதே வேலையை நதிக்கு வெளியே, தொட்டிகளில் காற்றூட்டிச் செய்து முடிப்பதே சுத்திகரிப்பு நிலையத்தின் பணியாகும். பின்னர் சேறு படிய விடப்பட்டு, தெளிந்த நீர் கிருமி நீக்கப்பட்டு வெளியேற்றப்படுகின்றது. நைதரசனும் பொசுபரசும் போதியளவு அகற்றப்படாவிடின், தேங்கும் நீரில் பாசி பெருகும். 1999ஆம் ஆண்டு கண்டி வாவி பச்சை நிறமாக மாறியது இதற்கு ஓர் எச்சரிக்கையாகும்.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமை விஞ்சலாகாது என எமது சுற்றாடல் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. எனினும், கழிவுநீரைப் போல் குறைந்தது 8 மடங்கு தூய நீர் கலக்கும் இடத்துக்கே இவ்வரம்பு பொருந்தும். வறட்சிக் காலத்தில் ஆறுகளும் கால்வாய்களும் மெலியும்போது வரம்பும் இறுக வேண்டும் என்பதே இதன் பொருளாகும்.

நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது ஒன்றையே. சுத்திகரிப்பு நிலையம் தன்னை வந்தடையும் கழிவுநீரை மாத்திரமே சுத்திகரிக்கும். வீதி வரை குழாய் வந்தும் வீட்டுக்கு இணைப்பு இல்லையெனில், அவ்வீட்டின் கழிவுநீர் முன்போலவே கால்வாயைத்தான் நாடும். இணைப்புக்கான செலவைத் தாங்க இயலாத குடும்பங்கள் ஒதுங்கி நிற்குமாயின், கடன்பட்டுக் கட்டிய நிலையத்தின் பயனில் ஒரு பகுதி வீணாகும். அதேபோல், மழைநீர் கழிவுநீர்க் குழாய்களில் புகுமாயின் நிலையத்தின் கொள்ளளவு மீறப்படும். மலக்குழிகளிலிருந்து பவுசர்களில் அள்ளப்படுபவை எங்கே கொட்டப்படுகின்றன என்பதும் கண்காணிக்கப்பட வேண்டும்.

ஆகவே, கால்வாயோர வறிய குடும்பங்களுக்கு இலவசமாகவோ தவணை முறையிலோ இணைப்பு வழங்கப்படுதல் வேண்டும். உணவகங்களும் விடுதிகளும் இணைப்புப் பெறுவது கட்டாயமாக்கப்படுதல் வேண்டும். மெத எலவிலும் மகாவலியிலும் பெறப்படும் நீர்ப் பரிசோதனை முடிவுகளை மாநகர சபையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் மாதந்தோறும் மும்மொழிகளிலும் வெளியிட வேண்டும்.

நதிக்கு இன, மத, மாகாண எல்லைகள் இல்லை. மேலே வாழ்வோர் கழுவி விட்ட நீரையே கீழே வாழ்வோர் அள்ளுகின்றனர். அந்தப் பொறுப்பை நகரமும் அதன் நிர்வாகமும் உணர்ந்தாலன்றி, எத்தனை கோடி செலவிட்டாலும் மகாவலி தூய்மை பெறாது.