பன்றிமயிர்ச் சவரத் தூரிகை

பன்றிமயிர்ச் சவரத் தூரிகை என்பது பன்றியின் உடலில் வளரும் தடித்த, விறைப்பான மயிரைக் கட்டாகக் கட்டிக் கைப்பிடி ஒன்றில் பொருத்திச் செய்யப்படும் சவரக் கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஷேவிங் பிரஷ் எனப்படுகிறது. சவர சோப்பையோ சவரக் கிரீமையோ தண்ணீருடன் கலந்து நுரையாக்குவதும், அந்நுரையை முகத்தில் தேய்த்துத் தாடி மயிரை நனைத்து மென்மையாக்குவதும் இதன் பணிகளாகும்.

சவரத் தூரிகைகள் பேட்ஜர் எனப்படும் வளைக்கரடியின் மயிர், குதிரைமயிர், செயற்கை இழை ஆகியவற்றாலும் செய்யப்படுகின்றன. இவற்றுள் பன்றிமயிர்த் தூரிகைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. புதிதாக வாங்கும்போது முரடாக இருக்கும் இத்தூரிகை, சில வாரங்கள் பயன்படுத்திய பின்னரே மென்மை அடைகிறது. எனவே கடையில் தொட்டுப் பார்த்து மட்டும் இதன் தரத்தை அறிய இயலாது. மயிரின் நுனி, கட்டின் அளவு, ஒட்டின் உறுதி ஆகியவற்றைக் கொண்டே இதனை மதிப்பிட வேண்டும்.

மயிரின் இயல்பு

பன்றிமயிர் அடியில் தடித்தும் நுனியை நோக்கி மெலிந்தும் இருக்கும். அதன் நுனி ஒரே முனையாக முடியாமல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மெல்லிய இழைகளாகப் பிளந்திருக்கும். இந்த நுனிப் பிளவே இத்தூரிகையின் மென்மைக்குக் காரணமாகும். பயன்படுத்தப் பயன்படுத்த நுனிகள் மேலும் பிளவுபடுவதால் முகத்தில் படும் இழைகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஒவ்வோர் இழையின் தடிமனும் குறைகிறது. அடிப்பகுதியோ பிளவுபடாமல் தன் விறைப்பைத் தக்க வைத்துக் கொள்கிறது. இதனால் நன்கு பழகிய தூரிகையில் மென்மையான நுனியும் உறுதியான அடியும் ஒருங்கே அமைகின்றன.

பன்றிமயிர் தண்ணீரை உறிஞ்சி நெகிழக்கூடியது. வளைக்கரடி மயிர்க்கட்டு தண்ணீரைப் பெரும்பாலும் மயிர்களுக்கு இடையிலேயே தேக்கி வைக்கிறது. ஆகையால் வளைக்கரடித் தூரிகையை நனைத்தவுடன் பயன்படுத்தலாம். பன்றிமயிர்த் தூரிகையைச் சில நிமிடங்கள் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்த பின்னரே பயன்படுத்துவது நல்லது.

தயாரிப்பு

உணவுக்காக வளர்க்கப்படும் பன்றிகளிலிருந்து மயிர் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. இதனால் இதன் விலை வளைக்கரடி மயிரின் விலையை விடக் குறைவாகும். உலகச் சந்தைக்குப் பன்றிமயிர் வழங்கும் நாடுகளில் சீனா முதன்மையானது.

சேகரித்த மயிர் கழுவி, கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்யப்பட்டு, நீள வாரியாகப் பிரிக்கப்படுகிறது. தேவைக்கேற்ப வெளுக்கப்படுவதும் சாயம் ஏற்றப்படுவதும் உண்டு. சில தூரிகைகளில் வளைக்கரடி மயிரைப் போலத் தோன்றும்படி நடுவில் கறுப்புப் பட்டை சாயமாக இடப்படுகிறது. பின்னர் குழிந்த அச்சு ஒன்றில் நுனிகள் கீழாக இருக்குமாறு மயிர் வைக்கப்பட்டுக் கவிகை வடிவம் பெறுகிறது. அடிப்பகுதி இறுகக் கட்டப்பட்டு, பசையால் ஒட்டப்பட்டு, கைப்பிடியில் பொருத்தப்படுகிறது.

இத்தாலி, போர்த்துகல் ஆகிய நாடுகள் இத்தூரிகைகளுக்குப் பெயர் பெற்றவை. இத்தாலியின் பொலோன்யா நகரைச் சேர்ந்த ஒமேகா நிறுவனம் 1931 முதலும், போர்த்துகல் நாட்டின் செமோக் நிறுவனம் 1955 முதலும் தூரிகைகளைத் தயாரித்து வருகின்றன.

வரலாறு

சவரத் தூரிகைக்கும் வளைக்கரடிக்கும் பிரெஞ்சு மொழியில் ஒரே சொல் வழங்குகிறது. ஐரோப்பாவில் வளைக்கரடி மயிர் உயர்ந்ததாகக் கருதப்பட்டதால், மலிவான மயிரை அதுபோலத் தோன்றச் செய்து விற்கும் வழக்கம் இருந்தது. இவ்வழக்கம் முதல் உலகப்போர்க் காலத்தில் உயிரிழப்புகளுக்குக் காரணமாயிற்று.

போரினால் தூரிகை மயிர் வந்து சேரும் வழிகள் மாறின. குதிரைமயிரால் செய்யப்பட்ட போலி வளைக்கரடித் தூரிகைகள் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் படைவீரர்களிடமும் பொதுமக்களிடமும் பெருமளவில் புழங்கின. முறையாகத் தூய்மை செய்யப்படாத மயிரில் ஆந்த்ராக்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் விதைமூலங்கள் இருந்தன. தமிழகக் கால்நடை வளர்ப்போர் அடைப்பான் என்று அழைக்கும் நோய் இதுவேயாகும். சவரத்தின்போது ஏற்படும் சிறு கீறல்கள் வழியே கிருமி உடலுக்குள் புகுந்தது. முகத்திலோ கழுத்திலோ சிறு கொப்புளமாகத் தொடங்கிய புண், நடுவில் கறுத்த பொருக்காக மாறியது. நுண்ணுயிர் எதிர்ப்பிகள் இல்லாத அக்காலத்தில் நோயுற்றோர் பலர் இறந்தனர். 1920 இல் பிரித்தானியா ஜப்பானிலிருந்து சவரத் தூரிகைகளை இறக்குமதி செய்வதைத் தடை செய்தது.

இந்நிகழ்வில் இருவகைக் குறைகள் இருந்தன. ஒன்று, மயிர் தூய்மை செய்யப்படாமை. மற்றொன்று, எந்த மயிர் என்பது வாங்குவோருக்கு மறைக்கப்பட்டமை. தூரிகையின் மீது மயிரின் வகையைக் குறிப்பிடுவது வெறும் வணிக விவரம் அன்று என்பதை இது காட்டுகிறது.

1938 இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழை பல் துலக்கும் தூரிகைகளில் பன்றிமயிரின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. 1950களில் அழுத்தக் குப்பியில் அடைத்த சவர நுரை பரவியதால் சவரத் தூரிகையின் பயன்பாடும் குறைந்தது. எனினும் முடிதிருத்தகங்களிலும், சோப்புக் கட்டியைக் கொண்டு சவரம் செய்வோரிடமும் இது தொடர்ந்து புழக்கத்தில் உள்ளது.

தெரிவு செய்தல்

மயிரின் வகை: தூரிகையின் மீதோ உறையின் மீதோ மயிரின் வகை குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ஐயம் இருப்பின், தூரிகையிலிருந்து உதிர்ந்த ஒரு மயிரை எரித்துப் பார்க்கலாம். இயற்கை மயிர் தலைமுடி கருகும் மணத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். நைலான் உருகிக் கெட்டியான மணி போல் திரளும்.

நுனி: நுனிகள் இயற்கையாக மெலிந்தும் பிளந்தும் இருக்க வேண்டும். கவிகை வடிவம் வருவதற்காக நுனிகள் கத்தரிக்கப்பட்ட தூரிகையில் மயிரின் மெல்லிய பகுதி வெட்டி எறியப்பட்டிருக்கும். அத்தகைய தூரிகை முகத்தைக் குத்தும். அது மென்மை அடைய நெடுங்காலம் ஆகும். நல்ல வெளிச்சத்தில் நுனியைப் பார்த்தால் தட்டையாக வெட்டுண்ட முனைகள் தெரியும்.

கட்டின் விட்டம்: மயிர்க்கட்டு கைப்பிடியில் நுழையும் இடத்தில் அளக்கப்படும் விட்டம் பொதுவாக 20 முதல் 28 மில்லிமீட்டர் வரை இருக்கும். முகத்திலேயே நுரை எழுப்புவோருக்குச் சிறிய அல்லது நடுத்தரக் கட்டும், கிண்ணத்தில் நுரை எழுப்புவோருக்குப் பெரிய கட்டும் ஏற்றவை.

மயிரின் உயரம்: கைப்பிடியின் விளிம்பிலிருந்து நுனி வரையுள்ள நீளம் இதுவாகும். ஒரு முனை பொருத்தப்பட்ட சீரான கம்பியின் விறைப்பு அதன் நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது பொறியியல் விதி. இதன்படி 50 மில்லிமீட்டர் உயரமுள்ள மயிரை 60 மில்லிமீட்டராக உயர்த்தினால் விறைப்பு ஏறத்தாழ 58 விழுக்காடாகக் குறைகிறது. மயிர் நுனியில் மெலிந்திருப்பதால் இக்கணக்கு துல்லியமாகப் பொருந்தாது. எனினும் சிறிதளவு உயர வேறுபாடு கூட உணரத்தக்க மாற்றத்தைத் தருவதற்கான காரணத்தை இது விளக்குகிறது. உணர்திறன் மிகுந்த தோல் உடையோர் உயரமான தூரிகையையும், கெட்டியான சோப்புக் கட்டியைப் பயன்படுத்துவோர் சற்றுக் குட்டையான தூரிகையையும் தெரிவு செய்யலாம்.

அடர்த்தியும் ஒட்டும்: கட்டின் நடுவை விரலால் விரித்துப் பார்க்கும்போது வெற்றிடம் தெரியக் கூடாது. மயிரைப் பற்றி மெல்ல இழுத்தால் கொத்தாகக் கையோடு வரக் கூடாது. முதல் சில நாட்களில் ஓரிரு மயிர்கள் உதிர்வது இயல்பு. வாரக்கணக்கில் உதிர்வது தொடர்ந்தால் ஒட்டு சரியில்லை எனக் கொள்ள வேண்டும்.

கைப்பிடி: ஈரமான, சோப்பு படிந்த கையில் வழுக்காத வடிவம் தேவை. மெருகு பூசாத மரம் ஈரத்தில் வெடிக்கக்கூடும்.

விலை தரத்திற்கு நேரான அளவுகோல் அன்று. விலை வேறுபாட்டின் பெரும்பகுதி கைப்பிடியின் பொருளாலும் அலங்காரத்தாலும் வருவதாக இருக்கலாம்.

பழக்குதல்

புதிய தூரிகையில் விலங்கு மயிரின் மணம் இருக்கும். ஷாம்பு அல்லது சோப்பு கொண்டு கழுவி, சில முறை நுரை எழுப்பி அலசினால் மணம் குறையும். தொடக்க நாட்களில் தூரிகை நுரையைத் தன்னுள் இழுத்துக் கொள்வது போலத் தோன்றும். நாள்தோறும் பயன்படுத்தினால் சில வாரங்களில் நுனிகள் பிளந்து இந்நிலை மாறும். இக்காலத்திற்கு முன்னரே தரமற்றது என்று நல்ல தூரிகையைக் கைவிடுவோர் உண்டு.

பராமரிப்பு

பயன்படுத்திய பின் சோப்பு முழுதும் நீங்குமாறு அலசி, நீரை உதறி, காற்றோட்டமான இடத்தில் உலர வைக்க வேண்டும். ஈரத்துடன் மூடிய பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கொதிநீர் மயிரையும் பசையையும் கெடுக்கும். கட்டு மடங்கும் அளவுக்கு அழுத்தித் தேய்த்தால் மயிர் அடியில் முறிந்து, கட்டின் நடுவில் குழி விழும்.

கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவை உண்டாக்குகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் நுரை குறைவதற்கும், மயிரின் அடியில் வெண்படிவு சேர்வதற்கும் இதுவே பெரும்பாலும் காரணமாகும். நீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் ஊற வைத்து அலசினால் படிவு நீங்கும்.

உடல்நலமும் மாற்றுகளும்

ஒரே தூரிகையைப் பலர் பயன்படுத்தினால் தாடிப் படர்தாமரை, மயிர்க்கால் அழற்சி முதலிய தொற்றுகள் பரவக்கூடும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித் தூரிகை இருப்பது நல்லது. முடிதிருத்தகத்தில் சவரம் செய்துகொள்வோர் தம் தூரிகையைக் கொண்டு செல்லலாம்.

சமயக் காரணங்களால் இசுலாமியர் பலரும், விலங்குப் பொருட்களை ஏற்காத கொள்கையினரும் பன்றிமயிரைத் தவிர்க்கின்றனர். இவர்களுக்குச் செயற்கை இழைத் தூரிகை மாற்றாக அமைகிறது. அது விரைவில் உலர்வது. ஊற வைக்கவோ பழக்கவோ தேவையில்லை. இத்தகையோர் பொருட்டும் தூரிகையில் மயிரின் வகை தெளிவாகக் குறிக்கப்படுவது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

சவரக் கத்தி
சோப்பு
கடின நீர்
ஆந்த்ராக்சு
நைலான்