அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல்

1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதலாந் தேதி, அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை ஒரு பாய்க்கப்பல் அடைந்தது. வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற அதன் பெயர் அன்னபூரணி; நீளம் 89 அடி. 1928 முதல் 1931 வரை சிறு படகொன்றில் உலகை வலம்வந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கியிருந்தார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவ்வூர் மாலுமிகளும் அதனை அத்திலாந்திக் சமுத்திரத்திற்கு அப்பால் கொண்டுசென்றனர்.

இக்கப்பலுக்குக் கலைக்களஞ்சியத்தில் தனித்தலைப்புத் தகுமா? வங்கக் கடலிற் சரக்கேற்றிய தோணிகள் எத்தனையோ. அந்நியர் ஒருவர் வாங்கியதால் மட்டும் ஒன்று உயர்ந்துவிடுமா என்பர் சிலர். வினா நேர்மையானதே. ஆயினும், புறப்பட்ட ஊரும் சேர்ந்த துறையும் நாளும் இதற்குப் பதிவாகியுள்ளன. பெயரழிந்த தோணிகளின் தொழிற்றிறனுக்கும் இந்த ஒன்றே சான்றாகின்றது.

1892இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழை நூற்சான்றுகளால் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலைத் தந்தார். பழைய புலவர் எழுதி வைத்திராவிடின் அடிகள் எதனை ஆராய்வது? மரக்கலமும் அத்தகையதே. மரம் உளுத்துப்போகும், எழுத்து நிற்கும்.

ஆகவே, தலைப்புத் தகும். ஆனால், பின்னர் இடப்பட்ட ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்னும் பெயரிலன்று. அன்னபூரணி என்னும் பெயரிலேயே அது அமைதல் வேண்டும். வாங்கியவருக்கு ஒரு வரி போதும். கட்டிய தச்சருக்கும் ஓட்டிய மாலுமிகளுக்குமே எஞ்சிய இடமெல்லாம் உரியது.