மெக்கானிக்கல் பென்சில்: குச்சி ஏன் உடைந்துகொண்டே இருக்கிறது?

தமிழ்ப்பள்ளியில் மரப் பென்சிலோடு பழகிய பிள்ளைகளில் பலர், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மெக்கானிக்கல் பென்சிலுக்கு மாறிவிடுகிறார்கள். சில வாரங்களில் குச்சி உடைகிறது, சிக்குகிறது என்று புதிய பென்சில் கேட்பார்கள். பெரும்பாலும் கோளாறு பென்சிலில் இருப்பதில்லை. உள்ளே போட்ட குச்சியிலும் அதைப் பயன்படுத்தும் முறையிலும்தான் இருக்கிறது.

மேல் பொத்தானை அழுத்தும்போது, உள்ளிருக்கும் சிறு பிடிப்பான் குச்சியைக் கவ்வியபடி முன்னே தள்ளும். சற்றுத் தூரத்தில் விரிந்து விட்டுவிடும். விரலை எடுத்தால் சுருள்வில் பிடிப்பானை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். நுனியில் உள்ள சிறிய ரப்பர் பிடித்துக்கொள்வதால் குச்சி திரும்ப உள்ளே போவதில்லை. பிடிப்பானைத் தாண்டிவிட்ட கடைசித் துண்டு எழுதும்போது ஆடுவதும் இதனால்தான். அதை உருவிப் போட்டுவிடலாம்.

ஒன்றிரண்டு அழுத்தலுக்கு மேல் குச்சியை நீட்டினால் உடையும். குழாய்க்குள் இரண்டு மூன்று குச்சிகள் போதும். பத்துப் பன்னிரண்டைத் திணித்தால் சிக்கிக்கொள்ளும்.

பென்சில் மீது அச்சிட்டிருக்கும் 0.5 அல்லது 0.7 என்ற எண், குச்சியின் பருமனை மில்லிமீட்டரில் சொல்கிறது. 0.7 பென்சிலில் 0.5 குச்சி நிற்காது, வழுக்கிவிடும். அழுத்தி எழுதும் பிள்ளைக்கு 0.7 வாங்கிக் கொடுப்பது நல்லது.

'லெட்' என்ற பெயரைக் கேட்டு ஈயம் என்று அஞ்ச வேண்டாம், அது கிராஃபைட். மரப் பென்சிலில் அதோடு களிமண்ணைக் கலக்கிறார்கள். இந்த மெல்லிய குச்சிகளில் பிளாஸ்டிக் வகைப் பொருளைக் கலந்து சுடுவதால், இவ்வளவு மெல்லியதாக இருந்தும் தாங்குகிறது.

எஸ்பிஎம் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புறவயக் கேள்விகளுக்கான விடைத்தாளை 2பி பென்சிலால் கருமையாக்க வேண்டும். கிராஃபைட் ஒளியை உறிஞ்சுவதை வைத்துத்தான் இயந்திரம் விடையைக் கண்டுகொள்கிறது. கடையில் வாங்கும் மெக்கானிக்கல் பென்சிலுக்குள் பெரும்பாலும் எச்பி குச்சிதான் இருக்கும். 2பி குச்சியை வாங்கிப் போட்டாலும், 0.5 நுனியால் ஓர் இடத்தை நிரப்பப் பல கோடுகள் இழுக்க வேண்டும், தாளும் கீறும். விடைத்தாளுக்குச் சற்று மழுங்கிய 2பி மரப் பென்சிலே வசதி. கணிதத்தில் வரைபடம் வரைய மெக்கானிக்கல் பென்சிலை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஷார்ப் தொலைக்காட்சி வைத்திருப்போருக்கு ஓர் உபரித் தகவல். அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஜப்பானியர் தொக்குஜி ஹயக்காவா 1915இல் உருவாக்கிய உலோக மெக்கானிக்கல் பென்சிலின் பெயரிலிருந்துதான் 'ஷார்ப்' என்ற பெயரே வந்தது.

குச்சி சிக்கினால் நுனிக் கூம்பைத் திருகிக் கழற்றி, மெல்லிய கம்பியால் தள்ளிவிடலாம். சில பென்சில்களில் அழிப்பானுக்கு அடியிலேயே இதற்கான ஊசி இருக்கும். கீழே விழுந்து நுனிக்குழாய் வளைந்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. நிமிர்த்தினாலும் குச்சி உடைந்துகொண்டேதான் இருக்கும்.