வழங்கிப் பிழை எண்கள்: வரலாறும் பயனும்

இணையதளம் ஒன்றைத் திறக்கும்போது, கேட்ட பக்கத்துக்குப் பதிலாக 500, 502, 503, 504 போன்ற எண் தோன்றினால் அது வழங்கிப் பிழை எனப்படுகிறது. பேச்சு வழக்கில் சர்வர் என்று சொல்லப்படும் வழங்கி, கோரிக்கையைப் பெற்ற பின்னும் அதை நிறைவேற்ற இயலாதபோது அனுப்பும் விடை இது. தான் எழுதிய வலைச் செயலியை மேகக் கணிமைத் தளத்தில் முதன்முதலாக நிறுவும் மாணவரும் இந்த எண்ணைச் சந்திக்கிறார். சாதிச் சான்றிதழுக்காகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து இ-சேவை மையத்தில் காத்திருப்பவரும் சந்திக்கிறார். கோளாறு எங்கே இருக்கிறது என்று சுட்டுவதற்காகவே இந்த எண்கள் ஏற்பட்டன. அவை உருவான கதையை அறிந்தால் அவற்றைப் படிப்பதும் எளிதாகும்.

எண்கள் பிறந்த கதை

மூன்று இலக்க எண்ணால் விடை சொல்லும் முறை உலகளாவிய வலையைவிடப் பழையது. 1970-களில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் கோப்புகளை அனுப்ப எஃப்டிபி என்னும் நெறிமுறை பயன்பட்டது. அதன் விடை எண்களை ஜான் போஸ்டல் உள்ளிட்டோர் 1974-இல் திருத்தி ஒழுங்குபடுத்தினர். முதல் இலக்கமே விடையின் வகையைச் சொல்லும். 2 என்றால் வேலை முடிந்தது. 4 என்றால் தற்காலிகத் தோல்வி, மீண்டும் முயலலாம். 5 என்றால் நிலையான தோல்வி, அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பிப் பயனில்லை.

சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்டிடிபி நெறிமுறையின் 1991-ஆம் ஆண்டு வடிவத்தில் விடை எண்களே இல்லை. அடுத்து வந்த வரைவுகளில் அவை சேர்ந்தன. 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் 500, 502, 503 ஆகியவை இடம்பெற்றன. 1997 ஜனவரியில் வெளியான 1.1 பதிப்பில் 504 சேர்ந்தது.

எண்களின் வடிவம் எஃப்டிபியைப் போலவே இருந்தாலும் பொருள் மாறியது. எஃப்டிபியில் 4, 5 என்னும் இலக்கங்கள் 'மீண்டும் முயன்றால் நடக்குமா?' என்ற கேள்விக்கு விடை சொல்லின. எச்டிடிபியில் அவை 'தவறு யார் பக்கம்?' என்ற கேள்விக்கு விடை சொல்கின்றன. 4-இல் தொடங்கினால் கேட்டவர் பக்கம், 5-இல் தொடங்கினால் வழங்கியின் பக்கம். இல்லாத பக்கத்தைக் கேட்டால் 404 வருவது இதனால்தான். செர்னில் 404 என்ற எண்ணுள்ள அறையிலிருந்து இந்த எண் வந்தது என்ற கதை பரவலாக உண்டு. பெர்னர்ஸ்-லீயுடன் பணியாற்றிய ராபர்ட் கையோ அதை மறுத்துள்ளார்.

நான்கு முக்கிய எண்கள்

தொடக்கத்தில் இணையதளங்கள் எழுதிவைத்த பக்கங்களை மட்டுமே எடுத்துக் கொடுத்தன. 1993-இல் சிஜிஐ என்ற முறை வந்தபின், கோரிக்கை வரும்போது நிரல் ஓடி விடையை உருவாக்கத் தொடங்கியது. நிரல் இடையில் நின்றுபோனால் 500 என்ற எண் வந்தது. கோப்புக்கு இயங்கும் அனுமதி தராதது, விண்டோஸ் கணினியில் எழுதிய நிரலின் வரி முடிவுக்குறிகள் யூனிக்சு கணினிக்குப் பொருந்தாதது போன்ற சிறு காரணங்களே இதற்குப் போதுமாக இருந்தன.

பிற்காலத்தில் வழங்கிக்கு முன்னால் இன்னொரு மென்பொருளை வாயில்காவலர் போல நிறுத்தும் பழக்கம் பரவியது. 2004-இல் வெளியான என்ஜின்எக்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. இந்த அமைப்பை ஓர் அரசு அலுவலகத்தோடு ஒப்பிட்டால் எண்களின் வேறுபாடு விளங்கும்.

500: மனுவை வாங்கிய எழுத்தர், வேலையின் நடுவே செய்வதறியாது நின்றுவிட்டார்.
502: வாசலில் இருப்பவர் மனுவை உள்ளே அனுப்பினார். உள்ளிருந்து ஒழுங்கான விடை வரவில்லை.
503: இப்போது கூட்டம் மிகுதி, அல்லது பராமரிப்பு வேலை நடக்கிறது. பிறகு வர வேண்டும். எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல நெறிமுறையில் இடமுண்டு.
504: மனு உள்ளே போனது. குறித்த நேரத்துக்குள் விடை திரும்பவில்லை.

இவற்றுள் 504-ஐக் கவனமாகக் கையாள வேண்டும். விடை வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று கொள்ள முடியாது. விண்ணப்பம் பதிவாகியிருக்கலாம், கட்டணமும் பிடிக்கப்பட்டிருக்கலாம். மீண்டும் அனுப்புவதற்குமுன், ஒப்புகை எண் உருவாகியுள்ளதா என்று பார்ப்பதே முறை.

மேகத்திற்கு மாறிய காலம்

அமேசான் நிறுவனம் 2006-இல் இசி2 சேவையைத் தொடங்கியது. கணினியை விலைக்கு வாங்காமல் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் வழி இதனால் பிறந்தது. 2008-இல் கூகுள் ஆப் எஞ்சின் வந்தது. ஹெரோக்கு போன்ற தளங்கள், நிரலை மட்டும் கொடுத்தால் மற்றவற்றைத் தாமே பார்த்துக்கொண்டன. இந்தியாவில் மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை உள்ளிட்ட இடங்களில் மேகத் தரவு மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பையில் திறந்தது.

இம்மாற்றத்தால் புதிய வகைத் தவறுகள் தோன்றின. சொந்தக் கணினியில் நன்றாக ஓடும் செயலி, மேகத்தில் நிறுவியதும் 502 அல்லது 503 காட்டுவதற்குப் பெரும்பாலும் பின்வருவனவே காரணங்கள்:

தளம் ஒதுக்கும் துறை எண்ணில், அதாவது போர்ட்டில் கேட்காமல், நிரலில் எழுதிவைத்த எண்ணிலேயே செயலி கேட்பது.
தரவுத்தளத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் மேகத்தில் அமைக்கப்படாமல் விடுபடுவது.
விண்டோஸ் பொருட்படுத்தாத ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பொருட்படுத்துவதால் கோப்பு கிடைக்காமல் போவது.
ஒதுக்கிய நினைவகத்துக்கு மேல் பயன்படுத்தியதால் செயலி நிறுத்தப்படுவது.

வெற்றியைக் குறிக்கும் 200 என்ற எண்ணுடனேயே வரும் பிழையும் உண்டு. தரவுத்தளத்தின் எழுத்துக் குறியேற்றம் ஒருங்குறிக்கு ஏற்றதாக இல்லாவிட்டால், தமிழில் உள்ளிட்ட பெயர் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். திரையில் பிழை எதுவும் தோன்றாது. சான்றிதழில்தான் அது தெரியவரும்.

பெரிய முடக்கங்கள்

2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில், முதல் நாளில் ஆறு பேரால்தான் பதிவை நிறைவுசெய்ய முடிந்தது. அதைச் சரிசெய்ய வந்த குழு, யாரையும் குறைகூறாமல் கோளாறை மட்டுமே பேசுவது என்ற விதியோடு நாள்தோறும் கூடியது. தளத்தின் நிலையை ஒரே பார்வையில் காட்டும் கண்காணிப்புப் பலகையை அமைத்தது அவர்களின் முதல் பணிகளுள் ஒன்று.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சுமார் நான்கு மணி நேரம் பாதிக்கப்பட்டது. ஊழியர் ஒருவர் தட்டச்சு செய்த கட்டளையில் இருந்த தவறால், எண்ணியதைவிட அதிக வழங்கிகள் நீக்கப்பட்டதே காரணம். சேவைகளின் நிலையை அறிவிக்கும் பக்கமும் எஸ்3-ஐ நம்பியிருந்ததால் அதையும் உடனே புதுப்பிக்க முடியவில்லை.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயது முதல் 44 வயது வரையுள்ளோருக்கான கோவிட் தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியது. தொடங்கியவுடன் பலருக்குப் பிழைச் செய்தி வந்தது. சிலருக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரவில்லை. ஆயினும் அன்றே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவுசெய்தனர்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதன் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை உள்ளது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த வட்டத்தில் மலையாளி பழங்குடியினர் பெருமளவில் வாழ்கின்றனர். கல்வி உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் பழங்குடியினர் சான்றிதழ் தேவை. அதற்கான விண்ணப்பம் இன்று இணையம் வழியே செல்கிறது. 2020 அக்டோபர் முதல் நியாயவிலைக் கடைகளில் கைரேகைப் பதிவுக் கருவிகளும் வந்தன. பட்டா, ஓய்வூதியம், குடும்ப அட்டை எனப் பல தேவைகள் எங்கோ உள்ள வழங்கியின் விடையை எதிர்பார்க்கின்றன.

தடங்கல் வந்தால் கவுண்டரில் 'சர்வர் டவுன்' என்ற ஒரே சொல்லே பெரும்பாலும் கேட்கும். ஆனால் அலைவரிசை எட்டாத மலைச்சரிவில் கைரேகைக் கருவி நின்றால், கோரிக்கை வழங்கியைச் சென்றடையவே இல்லை. விடை அனுப்ப யாரும் இல்லாததால் எண்ணும் தோன்றாது. அது வலையமைப்புக் கோளாறு. அதற்குக் கோபுரமும் கம்பிவடமும்தான் தீர்வு. 503 வந்தால் மாநிலம் முழுவதும் நெரிசல் இருக்கக்கூடும், சற்றுப் பொறுத்தால் சரியாகலாம். 500 திரும்பத் திரும்ப வந்தால் நிரலைத் திருத்த வேண்டும். அதுவரை எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் இழப்பு மலையிலிருந்து இறங்கி வந்தவருக்கே. 'நாளை வாருங்கள்' என்ற சொல்லுக்கு அவர் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் கொடுக்கிறார். நாளையும் அதே பிழைதான் வரும் என்று எண்ணைப் பார்த்தே ஊகிக்க முடிந்தால், அந்தப் பயணம் மிச்சமாகும்.

பிழையை அணுகும் முறை

முதலில் எண் தோன்றியதா என்று பார்க்க வேண்டும். தோன்றவில்லை என்றால் இணைய இணைப்பைச் சோதிக்க வேண்டும். தோன்றினால் எண், நேரம், செய்துகொண்டிருந்த வேலை, ஒப்புகை எண் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும்.

செயலியை நிறுவியவர், அந்த நேரத்துக்கான பதிவேட்டை, அதாவது லாக் கோப்பைத் திறக்க வேண்டும். மேக வழங்கிகளின் பதிவேடுகள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், கள்ளக்குறிச்சியில் காலை 10.30 மணிக்கு நிகழ்ந்த பிழையை அங்கே 5.00 மணியில் தேட வேண்டும். பிறகு, கடைசியாகச் செய்த மாற்றம் எது என்று கண்டு, தேவையானால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

முடிவுரை

தவறு யார் பக்கம் என்பதைக் கேட்டவருக்கு நேர்மையாகச் சொல்லும் ஏற்பாடாக 5-இல் தொடங்கும் எண்கள் உருவாயின. அந்த எண்ணை மறைத்து 'ஏதோ தவறு நேர்ந்தது' என்று மட்டும் காட்டும் செயலி, பயனாளருக்கு உரிய விவரத்தை மறுக்கிறது. அரசுச் சேவைகள் இணையத்துக்கு மாறிவரும் காலத்தில் செயலி எழுதக் கற்கும் மாணவர்கள், பிழை நேரும்போது என்ன நடந்தது, விண்ணப்பம் பதிவானதா, எப்போது மீண்டும் முயலலாம் என்ற மூன்றையும் எளிய தமிழில் தெரிவிக்கும் பக்கத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது. வெள்ளிமலையிலிருந்து வந்தவர் காத்திருப்பதா, பேருந்து ஏறுவதா என்று முடிவுசெய்ய அந்த மூன்று வரிகள் போதும்.